எட்டும் தொலைவும் எட்டாப் பார்வையும்

நுழையும்முன்

புதிய கருவி வந்தவுடன் பழைய கருவி தன் இடத்தை விட்டு விலகிவிடும் என்று நாம் பொதுவாக எண்ணுகிறோம். வரலாறு எப்போதும் அவ்வாறு அமைவதில்லை. 1861 முதல் 1865 வரை நடைபெற்ற அமெரிக்க உள்நாட்டுப் போரில், நெடுந்தொலைவுக்குக் குறிதவறாமல் சுடவல்ல புதிய பீரங்கிகளும், குறைந்த தொலைவுக்கே சுடவல்ல பழைய வகைப் பீரங்கிகளும் ஒரே களத்தில் அருகருகே நின்றன. போர் முடியும்வரை இரண்டும் நிலைத்தன. அதற்குக் காரணம் என்ன? ஒரு கருவியின் ஆற்றலை எவை தீர்மானிக்கின்றன? அக்கருவியைச் செய்தவர்களும் இயக்கியவர்களும் கொடுத்த விலை யாது? இவ்வினாக்களுக்கு இப்பாடம் விடை தேடுகிறது.

போரின் பின்னணி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மாநிலங்களில் பருத்தி, புகையிலை முதலிய பயிர்த்தொழில்கள் அடிமைகளின் உழைப்பை நம்பியிருந்தன. ஏறத்தாழ நாற்பது இலட்சம் கறுப்பின மக்கள் விற்கவும் வாங்கவும் படும் உடைமைகளாக வாழ்ந்தனர். புதிய நிலப்பகுதிகளில் அடிமைமுறை பரவுவதை எதிர்த்த ஆபிரகாம் லிங்கன் 1860ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்றார். அதனைத் தொடர்ந்து தென்மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. பிரிந்த பதினொரு மாநிலங்களும் தம்மைக் 'கூட்டமைப்பு' என அழைத்துக்கொண்டன. நாட்டின் ஒருமையைக் காக்க நின்ற வடபுல அரசு 'ஒன்றியம்' எனப்பட்டது.

போரைத் தொடங்கி வைத்தது பீரங்கியே. 1861 ஏப்ரல் 12 அன்று விடியற்காலையில், தென்கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் இருந்த சம்டர் கோட்டையின்மீது கூட்டமைப்புப் படையினர் சுடத் தொடங்கினர். ஏறத்தாழ 34 மணி நேரம் குண்டுமழை பொழிந்தும் அத்தாக்குதலில் ஒருவரும் இறக்கவில்லை. கோட்டை பணிந்தபின், இறக்கப்படும் கொடிக்கு மரியாதை செய்யும்பொருட்டு ஒன்றிய வீரர்கள் தம் பீரங்கிகளை முழக்கினர். அப்போது ஒரு பீரங்கியில் மருந்து காலத்திற்கு முன்பே வெடித்து, வீரர் ஒருவர் உயிரிழந்தார். எதிரி சுட்ட குண்டு கொல்லாத இடத்தில், தம் சொந்தப் பீரங்கியே கொன்றது. அடுத்த நான்கு ஆண்டுகளில் ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்த போர் இவ்வாறு தொடங்கியது.

களப் பீரங்கி என்பது யாது?

கோட்டைச் சுவர்களிலும் கடற்கரைகளிலும் நிலையாக நிறுத்தப்பட்ட பெரும் பீரங்கிகள் ஒருவகை. முற்றுகையின்போது மதிலைத் தகர்க்கக் கொண்டுவரப்படும் கனத்த பீரங்கிகள் மற்றொருவகை. காலாட்படையுடன் சேர்ந்து நகர்ந்து, போர்க்களத்தில் வேண்டிய இடத்தில் விரைந்து நிறுத்திச் சுடத்தக்கவையே களப் பீரங்கிகள். இரண்டு பெரிய மரச்சக்கரங்கள் கொண்ட தாங்கியின்மேல் குழல் பொருத்தப்பட்டிருக்கும். அத்தாங்கியின் வாற்பகுதியை, குண்டுப்பெட்டி சுமந்த முன்வண்டியோடு கொக்கியால் இணைத்து, ஆறு குதிரைகள் இழுத்துச் செல்லும்.

ஆகவே, களப் பீரங்கியைச் செய்வோர் இருவேறு தேவைகளுக்கு நடுவே நின்றனர். குழல் கனமாக இருந்தால் மிகுந்த மருந்தைத் தாங்கும், நெடுந்தொலைவு சுடும். ஆயின் சேற்று வழியில் குதிரைகள் அதனை இழுக்க மாட்டா. குழல் இலேசாக இருந்தால் விரைந்து நகரும். ஆயின் மருந்தின் அழுத்தத்தைத் தாங்காது பிளந்துபோகும். வார்ப்போர் குழலுக்கு எந்த உலோகத்தைத் தேர்ந்தனர் என்பதை இம்முரண்பாட்டைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

இரண்டு பெரும் பிரிவுகள்

அன்றைய களப் பீரங்கிகளைக் குழலின் உட்புறத்தைக் கொண்டு இரண்டாகப் பிரிப்பர். உட்சுவர் வழவழப்பாக இருப்பது முதல்வகை. இதில் உருண்டையான குண்டு இடப்படும். உட்சுவரில் சுருள்போல் வளைந்து செல்லும் பள்ளங்கள் வெட்டப்பட்டிருப்பது இரண்டாம்வகை. இதனைப் புரிக்குழல் எனலாம். இதில் நீண்ட, கூர்முனையுடைய குண்டு இடப்படும். மருந்து வெடிக்கும்போது குண்டின் அடிப்பகுதி விரிந்து பள்ளங்களைப் பற்றிக்கொள்ளும். அதனால் குண்டு தன் அச்சில் சுழன்றபடி வெளியேறும். பம்பரம் சுழலும்வரை சாயாமல் நிற்பதுபோல, சுழலும் குண்டும் தன் நிலை மாறாமல் செல்லும். தொலைவும் குறியின் துல்லியமும் இதனால் மிகுந்தன.

பீரங்கிகளைக் குண்டின் எடையால் பெயரிடும் வழக்கமும் இருந்தது. '12 பவுண்டுப் பீரங்கி' என்றால், அதன் வாய்க்குப் பொருந்தும் திண்ணிய இரும்பு உருண்டை ஏறத்தாழ 12 பவுண்டு, அதாவது ஐந்தரைக் கிலோகிராம் எடையுள்ளது என்பது பொருள்.

நெப்போலியன் பீரங்கி

போர் தொடங்கியபோது இருதரப்பிலும் 1841ஆம் ஆண்டு மாதிரியைச் சேர்ந்த 6 பவுண்டுப் பீரங்கிகளும் 12 பவுண்டு ஹவிட்சர்களும் மிகுதியாக இருந்தன. 6 பவுண்டுப் பீரங்கி நேராகச் சுடும். ஆயின் அதன் குண்டு சிறியது. ஹவிட்சர் குறுகிய குழலுடையது. குறைந்த மருந்தைக் கொண்டு, உள்ளீடற்ற வெடிகுண்டுகளை மேல்நோக்கி வளைவாக எறிவது. ஒன்று செய்யும் பணியை மற்றொன்று செய்யாது. எனவே இரண்டையும் களத்திற்கு இழுத்துச் செல்ல வேண்டியிருந்தது.

இரு பணிகளையும் ஒரே குழலால் செய்யும் வகையில் பிரான்சில் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் உருவானதே 12 பவுண்டு நெப்போலியன் பீரங்கி. அமெரிக்கப் படை 1857ஆம் ஆண்டு மாதிரியாக இதனை ஏற்றது. வெண்கலத்தால் வார்க்கப்பட்ட இதன் குழல் ஏறத்தாழ 550 கிலோகிராம் எடையுடையது. வாயின் விட்டம் 4.62 அங்குலம். ஒருமுறை சுட இரண்டரைப் பவுண்டு வெடிமருந்து வேண்டும். குழலை ஐந்து பாகை உயர்த்திச் சுட்டால் குண்டு ஏறத்தாழ 1,480 மீட்டர் செல்லும்.

இப்பீரங்கியின்மேல் தென்படைத் தளபதி இராபர்ட் லீ கொண்டிருந்த மதிப்பு பெரிது. தம்மிடமிருந்த 6 பவுண்டுப் பீரங்கிகளை உருக்கி நெப்போலியன் பீரங்கிகளாக வார்த்துத் தருமாறு 1862 டிசம்பரில் அவர் தம் அரசைக் கேட்டுக்கொண்டார். புரிக்குழல் பீரங்கிகள் நன்கு அறிமுகமாகிவிட்ட காலத்தில்தான் இவ்வேண்டுகோள் எழுந்தது என்பது கருதத்தக்கது.

புரிக்குழல் பீரங்கிகள்

வெண்கலம் மென்மையானது. அதில் வெட்டிய பள்ளங்கள் சுடச்சுடத் தேய்ந்துவிடும். ஆகவே புரிக்குழலுக்கு இரும்பே ஏற்றது. வார்ப்பிரும்பு மலிவானது, ஆயினும் நொறுங்கும் தன்மையுடையது. தேனிரும்பு உறுதியும் இழுதிறனும் உடையது. ஆயினும் அதனைக் குழலாக்குவது கடினம். இவ்விரண்டில் ஒவ்வொன்றைத் தேர்ந்ததால் இருவேறு பீரங்கிகள் பிறந்தன.

நியூயார்க் மாநிலத்தின் கோல்டு ஸ்பிரிங் என்னும் ஊரில் இருந்த வெஸ்ட் பாயிண்ட் வார்ப்பாலையை நடத்தியவர் இராபர்ட் பார்க்கர் பாரட். அவர் குழலை வார்ப்பிரும்பால் செய்து, மருந்து வெடிக்கும் பின்பகுதியில் தேனிரும்புப் பட்டை ஒன்றைச் சூடாக ஏற்றி இறுக்கினார். இது பாரட் பீரங்கி எனப்பட்டது. 10 பவுண்டு, 20 பவுண்டு அளவுகள் களத்தில் பயன்பட்டன. செலவு குறைவு என்பதால் விரைவாகப் பெருகியது. ஆயினும் பட்டைக்கு முன்னுள்ள பகுதி வெடித்துப் பிளக்கும் என்ற அச்சம் வீரர்களிடம் இருந்தது. 1862 டிசம்பரில் ஃபிரெடரிக்ஸ்பர்க் போரில் தென்படையின் 30 பவுண்டுப் பாரட் பீரங்கி வெடித்துச் சிதறியபோது, அருகில் நின்ற தளபதி லீ மயிரிழையில் உயிர் தப்பினார்.

மற்றொன்று 3 அங்குல ஆர்டினன்ஸ் புரிக்குழல். ஜான் கிரிஃபன் என்பவர் வகுத்த முறையில், தேனிரும்புப் பட்டைகளைச் சுற்றிச் சுற்றி ஒன்றாகப் பற்றவைத்துப் பென்சில்வேனியாவின் ஃபீனிக்ஸ் இரும்பு ஆலை இதனைச் செய்தது. குழலின் எடை ஏறத்தாழ 370 கிலோகிராம். நெப்போலியன் குழலின் எடையில் மூன்றில் இரண்டு பங்குதான். ஐந்து பாகை உயர்வில் ஏறத்தாழ 1,670 மீட்டர் சுடும். இது வெடித்துப் பிளந்தது மிக அரிது. இலேசாகவும் உறுதியாகவும் இருந்தமையால் குதிரைப்படையுடன் விரைந்து செல்லும் பீரங்கிப் பிரிவினர் இதனையே விரும்பினர்.

தெரிந்து தெளிவோம்

விட்வொர்த்: இங்கிலாந்தில் செய்யப்பட்டது. இதன் குழலின் உட்புறம் அறுகோண வடிவுடையது; குண்டும் அவ்வாறே. பின்புறமாகக் குண்டு இடும் அமைப்பும் இதில் உண்டு. எட்டுக் கிலோமீட்டர் வரை எட்டும் ஆற்றலுடையது. தென்படையினர் இவ்வகைப் பீரங்கிகள் இரண்டைக் கெட்டிஸ்பர்க் களத்தில் பயன்படுத்தினர்.

மலை ஹவிட்சர்: 12 பவுண்டு வகையில் மிகச் சிறியது. இதன் குழல் ஏறத்தாழ 100 கிலோகிராம் எடையே உடையது. குழல், தாங்கி, குண்டுப்பெட்டி எனத் தனித்தனியே கழற்றிக் கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றிச் செல்லலாம். வண்டி செல்லாத மலைவழிகளில் இது பயன்பட்டது.

நால்வகைக் குண்டுகள்

பீரங்கி எவ்வகையாயினும், எதிரி எங்கு, எவ்வாறு நிற்கிறான் என்பதைப் பொறுத்தே குண்டு தேர்ந்தெடுக்கப்பட்டது.

முதலாவது, திண்குண்டு. இது வெடிக்காத இரும்பு. தொலைவிலுள்ள எதிரிப் பீரங்கிகளையும் நெருங்கி வரும் படையணிகளையும் தாக்கப் பயன்பட்டது. வழவழப்புக் குழலிலிருந்து சென்ற உருண்டைக் குண்டு தரையில் பட்டுத் துள்ளித் துள்ளிச் செல்லும். அது விழும் ஓரிடத்தில் மட்டுமன்றி, செல்லும் வழியெங்கும் இடர் விளைவிக்கும்.

இரண்டாவது, வெடிகுண்டு. உள்ளே வெடிமருந்து நிரம்பிய இரும்புக்கூடு இது. மூன்றாவது, சிதறுகுண்டு. இதன் கூட்டிற்குள் மருந்தோடு ஈய உருண்டைகளும் இருக்கும். எதிரியின் தலைக்கு மேல் வெடித்து அவை கீழ்நோக்கிச் சிதறும். இவ்விரண்டிலும் பெரும்பாலும் நேரத்திரி பொருத்தப்பட்டது. எத்தனை நொடியில் வெடிக்க வேண்டும் எனக் கணித்து, அதற்கேற்பத் திரியை அமைத்துச் சுட வேண்டும். ஒரு நொடி பிழைத்தால் குண்டு எதிரியைக் கடந்து எங்கோ வெடிக்கும்.

நான்காவது, கேனிஸ்டர் எனப்படும் தகரக்குவளைக் குண்டு. மெல்லிய தகரக்குவளையில் இரும்பு உருண்டைகள் அடுக்கப்பட்டிருக்கும். நெப்போலியன் பீரங்கிக்குரிய குவளையில் 27 உருண்டைகள் இருந்தன. குழலை விட்டு வெளியேறியதும் குவளை கிழிந்து, உருண்டைகள் விசிறிபோல் பரவும். எதிரி 350 மீட்டர் அளவிற்குள் நெருங்கிவிட்டபோது இதுவே கடைசிக் காப்பு. மிக நெருங்கினால் இரண்டு குவளைகளை ஒருசேர இட்டுச் சுடுவர்.

தகரக்குவளையைப் பொறுத்தவரை அகன்ற வாயும் வழவழப்பான குழலும் உடைய நெப்போலியனே சிறந்தது. புரிக்குழலின் வாய் குறுகியது. அதில் இடும் உருண்டைகளும் குறைவு. சுழற்சியால் அவை ஒழுங்கின்றிச் சிதறின. புரிக்குழலின் கூர்முனைக் குண்டு சில வேளைகளில் ஈரமண்ணில் ஆழப் புதைந்து வெடித்து, தீங்கின்றி மண்ணை மட்டுமே கிளப்பியது.

எண்களால் அழைக்கப்பட்ட வீரர்கள்

ஒரு பீரங்கியை இயக்கிய வீரர்கள் பணியின்போது பெயரால் அழைக்கப்படவில்லை, எண்ணால் அழைக்கப்பட்டனர். முதலாமவர் ஈரப்பஞ்சு கட்டிய கோலால் குழலின் உள்ளே கனன்றுகொண்டிருக்கும் துகள்களை அணைப்பார். இரண்டாமவர் குண்டும் மருந்தும் சேர்ந்த பொதியைக் குழலின் வாயில் வைப்பார். முதலாமவர் அதனை இடித்து உள்ளே தள்ளுவார். அந்நேரம் முழுவதும் மூன்றாமவர், தோலுறை அணிந்த கட்டைவிரலால் குழலின் பின்புறத் துளையை அழுத்தி மூடியிருக்க வேண்டும். அவர் விரலை எடுத்தால் துளைவழியே காற்று புகும். கனல் மூண்டு மருந்து முன்கூட்டியே வெடிக்கும். முதலாமவர் கையை இழப்பார். ஒருவரின் கையும் உயிரும் மற்றொருவரின் கட்டைவிரலை நம்பியிருந்தன.

பின்னர் மூன்றாமவர் துளைவழியே ஊசியால் மருந்துப்பொதியைக் குத்துவார். நான்காமவர் உராய்வுத் தீக்குச்சியைத் துளையில் செருகிக் கயிற்றை இழுப்பார். ஐந்தாமவர் முன்வண்டியிலிருந்து குண்டைச் சுமந்து ஓடிவருவார். ஆறாமவரும் ஏழாமவரும் பெட்டியருகே நின்று திரியை அளந்து தருவர். குறிபார்ப்பவர் தனியே ஒருவர். பழகிய குழுவினர் குறிபார்த்து நிமிடத்திற்கு இரண்டு முறை சுடுவர்.

பின்னுதைப்பைத் தாங்கும் அமைப்பு அன்றைய பீரங்கிகளில் இல்லை. ஒவ்வொரு முறை சுடும்போதும் பீரங்கி முழுவதும் பின்னோக்கி உருளும். அதனைத் தோள்கொடுத்து முன்தள்ளி, மீண்டும் குறிபார்க்க வேண்டும். 1863 ஜூலை 2 அன்று கெட்டிஸ்பர்க்கின் டிராஸ்டில் பண்ணையில், ஒன்பதாம் மாசசூசெட்ஸ் பீரங்கிப் பிரிவினர் இப்பின்னுதைப்பையே வழியாகக் கொண்டு, எதிரியை நோக்கிச் சுட்டபடியே பின்வாங்கினர். அவர்களுடைய குதிரைகளில் மிகப் பெரும்பாலானவை அன்று வீழ்ந்தன. ஆறு பீரங்கிகளில் நான்கை விட்டுச் செல்ல நேர்ந்தது. குதிரையை வீழ்த்தினால் பீரங்கி நகராது என்பதை அறிந்த எதிரிகள் குதிரைகளையே குறிவைத்தனர்.

கெட்டிஸ்பர்க்: 1863 ஜூலை 3

கருவி, குண்டு, திரி, பார்வை, மனிதர் ஆகிய அனைத்தும் ஒரே நண்பகலில் சோதிக்கப்பட்ட நிகழ்வு, கெட்டிஸ்பர்க் போரின் மூன்றாம் நாளில் நடந்தது. ஒன்றியப் படையினர் நீண்ட மேட்டுநிலம் ஒன்றில் நின்றனர். ஏறத்தாழ ஒரு மைல் அகன்ற திறந்த வயல்வெளிக்கு எதிர்ப்புறம் தென்படையினர் இருந்தனர். பகல் ஒரு மணி அளவில் தென்படையின் 150 அளவிலான பீரங்கிகள் முழங்கத் தொடங்கின. எட்வர்டு போர்ட்டர் அலெக்சாண்டர் என்னும் இளம் அதிகாரியின் பொறுப்பில் அத்தாக்குதலின் பெரும்பகுதி இருந்தது.

அன்றைய வெடிமருந்து அடர்ந்த புகை கக்குவது. சிறிது நேரத்தில் வயல்வெளி முழுவதும் புகை மூடியது. சுடுவோருக்குத் தம் குண்டு எங்கு விழுகிறது என்பது தெரியவில்லை. தென்படையின் திரிகளும் நம்பத்தகாதவையாக இருந்தன. குண்டுகளில் பல மேட்டைக் கடந்து பின்புறம் விழுந்தன. முன்வரிசையில் இருந்த காலாட்படை பெரிதும் தப்பியது. தொலைவைக் கடக்கும் ஆற்றல் குண்டுக்கு இருந்தது. அதனை வழிநடத்தும் பார்வை சுடுவோருக்கு இல்லாமற்போயிற்று.

எதிர்ப்புறத்தில் ஒன்றியப் பீரங்கிப்படைக்குத் தலைமையேற்றவர் ஹென்றி ஹன்ட். விரைந்து சுடுவதை விரும்பாதவர் அவர். ஒவ்வொரு குண்டும் குறிபார்த்துச் சுடப்பட வேண்டும் என்பார். காலாட்படைத் தாக்குதல் வரும் என உணர்ந்த அவர், குண்டுகளைச் சேமிக்கும்பொருட்டுச் சுடுவதை நிறுத்தச் செய்தார். சேதமுற்ற சில பிரிவுகளும் அந்நேரம் பின்னே கொண்டுசெல்லப்பட்டன. இதனைக் கண்ட அலெக்சாண்டர், ஒன்றியப் பீரங்கிகள் ஒடுங்கிவிட்டன எனக் கருதினார். தம் குண்டுகள் தீர்ந்துவருவதையும் உணர்ந்து, உடனே முன்னேறுமாறு தளபதி ஜார்ஜ் பிக்கெட்டுக்குச் செய்தி அனுப்பினார்.

ஏறத்தாழ 12,500 வீரர்கள் வயல்வெளியில் அணிவகுத்து வந்தனர். பக்கவாட்டிலிருந்த லிட்டில் ரவுண்டு டாப் குன்றின் புரிக்குழல் பீரங்கிகள் நெடுந்தொலைவிலிருந்தே அவ்வணிகளைப் பிளந்தன. மேட்டின் நடுப்பகுதியிலோ நிலைமை வேறு. அங்கிருந்த காலாட்படைத் தளபதி ஹான்காக், தம் வீரர்கள் மனம் தளராதிருக்கப் பீரங்கிகள் தொடர்ந்து முழங்க வேண்டும் என ஆணையிட்டிருந்தார். அதனால் அப்பிரிவுகளின் நெடுந்தொலைவுக் குண்டுகள் முன்பே தீர்ந்துவிட்டன. எஞ்சியவை தகரக்குவளைகள் மட்டுமே. எதிரி நெருங்கும்வரை அவர்கள் வாளாவிருக்க நேர்ந்தது. அப்பகுதியில் ஆர்டினன்ஸ் புரிக்குழல் பிரிவொன்றுக்குத் தலைமைதாங்கிய அலோன்சோ குஷிங்கிற்கு அப்போது வயது 22. படுகாயமுற்றும் களத்தை விட்டு அகலாது, எஞ்சிய இரு பீரங்கிகளை மதிலருகே தள்ளிச்சென்று சுடச்செய்த நிலையில் அவர் வீழ்ந்தார். அவருக்கு அமெரிக்காவின் மிக உயரிய படைவீரர் விருது 2014ஆம் ஆண்டு வழங்கப்பட்டது.

முன்னேறிய தென்படையினரில் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்தனர், காயமுற்றனர் அல்லது சிறைப்பட்டனர். தொலைவில் புரிக்குழலும் அருகில் தகரக்குவளையும் தத்தம் பணியைச் செய்தன. வர்ஜீனியாவின் அடர்ந்த காடுகளில் 1864ஆம் ஆண்டு நடந்த வில்டர்னஸ் போரிலோ, எவ்வகைப் பீரங்கிக்கும் பெரிய பங்கில்லாமற் போயிற்று. மரங்களுக்கு அப்பால் எதிரி எங்குள்ளான் என்பதே தெரியாதபோது எட்டும் தொலைவால் யாது பயன்?

மணிகளும் உலோகங்களும்

பீரங்கிகளின் வகையைத் தளபதிகளின் விருப்பத்தோடு நாட்டின் உலோக வளமும் முடிவு செய்தது. வடக்கே வார்ப்பாலைகள் பல இருந்தன. தெற்கே பெரும் பீரங்கிகளை வார்க்கத்தக்க ஆலையாக முதலில் விளங்கியது ரிச்மண்டு நகரின் டிரெடிகார் இரும்பாலையே. அங்கு உழைத்தவர்களில் அடிமைகளும் இருந்தனர். தம்மை அடிமைகளாகவே வைத்திருக்க நடந்த போருக்குத் தம் கைகளாலேயே பீரங்கி வார்க்கும் நிலை அவர்களுக்கு நேர்ந்தது.

வெண்கலத்திற்குச் செம்பும் வெள்ளீயமும் வேண்டும். 1862ஆம் ஆண்டு, மிசிசிப்பிப் பள்ளத்தாக்கின் மக்கள் தம் மணிகளைப் பீரங்கி வார்க்கத் தர வேண்டும் எனத் தென்படைத் தளபதி போரெகார்டு வேண்டினார். தேவாலயங்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் மணிகள் வந்து குவிந்தன. நியூ ஆர்லியன்ஸ் நகரம் ஒன்றியப் படையிடம் வீழ்ந்தபோது அங்குச் சேர்ந்திருந்த மணிகள் கைப்பற்றப்பட்டு, வடக்கே பாஸ்டனில் ஏலம் விடப்பட்டன. 1863ஆம் ஆண்டின் இறுதியில் டென்னசியின் டக்டவுன் செம்புச் சுரங்கங்களும் தெற்கின் கைவிட்டுப் போயின. அதன்பின் டிரெடிகார் ஆலை நெப்போலியன் பீரங்கியை இரும்பால் வார்த்துப் பட்டையிட்டு இறுக்கத் தொடங்கியது.

வெடிமருந்துக் கூடத்துப் பெண்கள்

ஆண்கள் போர்முனைக்குச் சென்றதால், குண்டுகளுக்கு மருந்து நிரப்பும் பணியில் பெண்களும் சிறுமியரும் அமர்த்தப்பட்டனர். ஏழைக் குடும்பங்களுக்கு அக்கூலி இன்றியமையாததாக இருந்தது. 1862 செப்டம்பர் 17 அன்று மேரிலாந்தின் ஆன்டீட்டம் களத்தில் இருதரப்பிலும் ஏறத்தாழ 23,000 பேர் இறந்தும் காயமுற்றும் காணாமலும் போயினர். அதே நாளில், போர்முனைக்குத் தொலைவில், பிட்ஸ்பர்க் நகரின் அலிகெனி ஆயுதச்சாலையில் வெடிமருந்து தீப்பற்றியது. இறந்தவர் 78 பேர். அவர்களுள் பெரும்பாலோர் இளம்பெண்கள்.

ஆறு மாதங்களுக்குப்பின், 1863 மார்ச் 13 அன்று ரிச்மண்டின் பிரவுன் தீவில் இருந்த தென்படையின் வெடிமருந்துக் கூடத்தில் மற்றொரு விபத்து நிகழ்ந்தது. பீரங்கி சுடும்போது நான்காம் எண் வீரர் துளையில் செருகும் அதே உராய்வுத் தீக்குச்சிகள் அங்குச் செய்யப்பட்டன. பலகையில் சிக்கிக்கொண்ட ஒன்றை விடுவிக்கப் பலகையைத் தட்டியதே வெடிப்புக்குக் காரணமாயிற்று. நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களிலும் பெரும்பாலோர் பெண்களும் சிறுமியருமே.

இவர்கள் எப்படையிலும் சேர்ந்தவரல்லர். ஆயினும் இவர்கள் விரல்களின் உழைப்பின்றி எப்பீரங்கியும் முழங்கியிருக்காது. போரின் வரலாற்றைக் களத்தில் மட்டும் தேடுவோர் இவர்களைக் காணத் தவறுவர்.

விடுதலை பெற்றோரின் பீரங்கிப்பிரிவு

ஒன்றியப் படையில் கறுப்பின வீரர்கள் சேரத் தொடங்கியபின், அவர்களுக்கெனப் பீரங்கிப்பிரிவுகளும் அமைக்கப்பட்டன. அன்றைய வழக்கப்படி அவர்களுக்குத் தலைமைதாங்கிய அதிகாரிகள் பெரும்பாலும் வெள்ளையரே. கான்சஸ் மாநிலத்தின் லெவன்வொர்த் கோட்டையில் அமைக்கப்பட்ட தனிப் பீரங்கிப்பிரிவு இதற்கு விலக்காக அமைந்தது. அதன் அதிகாரிகளும் கறுப்பினத்தவரே. அதன் தலைவர் எச். ஃபோர்டு டக்ளஸ், அடிமையாகப் பிறந்து, தப்பிச்சென்று, அடிமைமுறை ஒழிப்புக்காகப் பேசிவந்தவர். கணக்கும் கண்ணும் ஒழுங்கும் வேண்டும் பீரங்கிப் பணி கறுப்பினத்தவர்க்கு இயலாது என்று எண்ணியோருக்கு அவர்களுடைய பயிற்சியே மறுமொழியாயிற்று.

முடிவாக

1865ஆம் ஆண்டு ஒன்றியம் வென்றது. அவ்வாண்டு டிசம்பரில் அரசமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் நடைமுறைக்கு வந்து, நாடு முழுவதும் அடிமைமுறையை ஒழித்தது. அப்போரில் காயமுற்றோரில் மிகப் பெரும்பாலோர் துப்பாக்கித் தோட்டாவால் தாக்கப்பட்டோரே. ஆயினும் தாக்குதலைத் தடுப்பதிலும் எதிரியின் மனவுறுதியைக் குலைப்பதிலும் களப் பீரங்கி பெரும்பங்கு ஆற்றியது.

புரிக்குழல் கண்ணுக்கு எட்டாத தொலைவை எட்டியது. அத்தொலைவைக் காணும் வழியும், அங்குக் குறித்த நொடியில் வெடிக்கும் திரியும் அன்று வளர்ந்திருக்கவில்லை. ஆகவே, கண்ணுக்கு எட்டிய தொலைவிற்குள் நன்கு பணிசெய்த நெப்போலியன் தன் இடத்தை இழக்கவில்லை. ஒரு துறையில் கருவி ஒருபடி முன்னேறினாலும், அதனோடு இணைந்த பிறவும் முன்னேறினாலன்றி அதன் முழுப்பயனும் கிட்டாது. இன்று நாம் காணும் எந்தப் புதிய கருவியையும் மதிப்பிடும்போது, அது எவ்வளவு செய்யவல்லது என்பதோடு, யார் கையால் ஆனது, யாரை நோக்கி இயங்குகிறது என்பவற்றையும் சேர்த்துக் கேட்பது நம் கடமை.

கற்பவை கற்றபின்

1. ஒரு பீரங்கியை இயக்கிய வீரர்களின் பணிகளை வரிசைப்படுத்தி, 'ஒருவரை ஒருவர் நம்புதல்' என்னும் தலைப்பில் வகுப்பில் உரையாற்றுக.

2. புதியது வந்தபின்னும் பழையது வழக்கொழியாமல் நிலைத்திருக்கும் கருவி ஒன்றை உம் ஊரில் கண்டறிந்து, அதற்கான காரணங்களை ஒரு பக்க அளவில் எழுதுக.

மதிப்பீடு

குறுவினா

1. '12 பவுண்டுப் பீரங்கி' என்னும் பெயர் எதனைக் குறிக்கிறது?

2. புரிக்குழலுக்கு வெண்கலம் ஏற்றதாகாமைக்குக் காரணம் யாது?

சிறுவினா

1. பாரட் பீரங்கியையும் 3 அங்குல ஆர்டினன்ஸ் புரிக்குழலையும் ஒப்பிடுக.

2. ஹென்றி ஹன்ட் சுடுவதை நிறுத்தச் செய்ததன் நோக்கத்தையும் அதனால் நேர்ந்த விளைவையும் விளக்குக.

நெடுவினா

1. 'கருவியின் ஆற்றலை எட்டும் தொலைவு மட்டும் தீர்மானிப்பதில்லை' என்னும் கருத்தைக் கெட்டிஸ்பர்க் நிகழ்வின் துணைகொண்டு நிறுவுக.